வெள்ளிமலை ஸ்டேஷனுக்கு ஒரு சங்கம்

எங்கள் வீட்டு மாடி அறையிலிருந்து வெள்ளிமலைக்கு ரயில் போய்க்கொண்டிருந்தது. உள்ளங்கையில் அடங்கும் எஞ்சின், அதன் பின்னால் மூன்று பெட்டிகள். மேசையின் மேல் ஒரு மலை, மலையைச் சுற்றி முட்டை வடிவத்தில் தண்டவாளம். மேற்கு ஜன்னலைத் திறந்துவைத்தால், மேசை மலைக்குப் பின்னால் நிஜமான கல்வராயன் மலை நீலமாகக் கிடக்கும். மழை வரப்போகிற சாயங்காலங்களில் எது காகிதம், எது கல் என்று எனக்கே ஒரு கணம் தடுமாறும்.

நிஜ மலையில் ரயில் இல்லை. என்றைக்கும் இருந்ததில்லை, யாரும் கேட்டதுமில்லை. கள்ளக்குறிச்சிக்காவது சின்னசேலத்திலிருந்து பாதை போடுகிறார்கள், போடுகிறார்கள் என்று கேட்டுக் கேட்டே என் முன்நெற்றி முடி நரைத்தது. ரயிலில் போக வேண்டுமென்றால் பஸ்ஸில் போய்த்தான் ரயிலைப் பிடித்து வளர்ந்தவர்கள் நாங்கள். பள்ளியில் நான் பூகோளம் நடத்துகிறேன். வரைபடத்தில் ரயில்பாதையைக் குறிக்கிற அந்தக் குறுக்குக்கோடு போட்ட கறுப்பு வரியைக் கரும்பலகையில் இழுக்கும்போதெல்லாம், எங்கள் ஊருக்குப் பக்கத்தில் வந்ததும் சாக்பீஸ் தானாக மேற்கே திரும்பப் பார்க்கும். ஒருநாள் திரும்பியே விட்டது. பிள்ளைகள் அதையும் அப்படியே வரைந்துகொண்டார்கள்.

எஞ்சின், அண்ணன் மகனுக்காக வாங்கியது. அவன் இரண்டு நாள் உருட்டிவிட்டு மறந்துபோனான். என்னால் மறக்க முடியவில்லை. பழைய பேப்பரை மைதாப் பசையில் தோய்த்து ஒட்டி ஒட்டி மலையை எழுப்பினேன். மேலே தேங்காய் நார்த்தூள் தூவி மண்ணாக்கினேன். பச்சைச் சாயம் போட்ட மரத்தூள் காடானது. ஒரு குகை, ஒரு சின்ன ஸ்டேஷன், மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்தில், நிஜ மலைமேல் இருக்கிற வெள்ளிமலையின் பெயர். இதெல்லாம் ஆக வருடங்கள் பிடித்தன. யாருக்கும் தெரியாமல் செய்த காரியமில்லை. வீட்டில் தினமும் நக்கல் வாங்கிக்கொண்டே செய்த காரியம்.

என் வீட்டுக்காரர் மரவள்ளி போடுகிறவர். கொல்லையிலிருந்து வந்து கைகால் கழுவிவிட்டு மாடிக்கு வருவார். துண்டால் முகம் துடைத்துக்கொண்டே மேசையைப் பார்ப்பார்.

"இன்னா, இன்னிக்கு உன் வண்டி எந்த ஊருக்குப் போச்சு?"

"வெள்ளிமலைக்கு."

"நேத்தும் அங்கதான போச்சு?"

"ஆமா."

"கெளம்புன எடத்துலயே எறங்கணும்னா எதுக்குடி டிக்கெட்டு?"

சிரித்துவிட்டுச் சாப்பிடப் போய்விடுவார். எனக்குத்தான் அந்தக் கேள்வி தண்டவாளத்தில் விழுந்த முடிபோல உறுத்தும். உண்மைதானே. வெள்ளிமலையில் கிளம்பி, குகைக்குள் நுழைந்து, மலையின் முதுகைச் சுற்றிக்கொண்டு, வெள்ளிமலைக்கே வந்து நிற்கிற ரயில். அது எங்கும் போகவில்லை. ஒருமுறையாவது அது என் மேசையை விட்டு இறங்கி, எனக்குத் தெரியாத ஓர் ஊருக்குப் போய்விட்டுத் திரும்ப வேண்டும். வேறொன்றும் வேண்டாம், இது ஒன்று போதும் என்று தோன்றிவிட்டது. ஆனால் மேசை ரயில் இன்னொரு மேசைக்குத்தானே போக முடியும்? அதற்கு மேசை வைத்திருக்கிற மனிதர்கள் வேண்டும். சங்கம் வேண்டும்.

தேடிப் பார்த்ததில் எட்டுகிற தூரத்தில் இரண்டு இருந்தன.

முதலாவது சேலத்தில். ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவருமாகப் பஸ் ஏறிப் போனோம். எஞ்சினைப் பழைய பட்டுப்புடவைத் துண்டில் சுற்றி மடியில் வைத்திருந்தேன். பாத்திரக்கடை ஒன்றின் மாடி அது. கீழே குடங்களும் அண்டாக்களும் மினுங்கிக்கொண்டிருக்க, மேலே ஓர் அறை முழுக்க ரயில்கள். நீராவி எஞ்சினுக்குப் பின்னால் ஜப்பான்காரன் ரயில், அதன் பின்னால் சரக்கு வண்டி, எல்லாம் ஒரே சமயத்தில், ஒன்றையொன்று துரத்துகிறாற்போல. நாலைந்து பேர் ஆளுக்கொரு கட்டுப்பாட்டுப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு கத்திக்கொண்டிருந்தார்கள்.

"வாங்க மேடம், வாங்க சார், உக்காருங்க. டீ சொல்லட்டுங்களா, சுக்குக் காப்பி சொல்லட்டுங்களா?" என்றார் பாத்திரக்கடைக்காரர். அவர்தான் சங்கம்.

"சேர்றதுக்கு இன்னா பண்ணணுங்க?"

"வந்துட்டீங்களே. அதான் சேர்ந்தாச்சு."

போனில் என் மலையைக் காட்டினேன். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். நிஜமாகவே ரசித்தார். ஸ்டேஷன் பலகையை விரலால் பெரிதாக்கிப் படித்தார்.

"பிரமாதமா இருக்குங்க. ஆனா மலை எதுக்குங்க? எடம் எங்கீங்க இருக்குது? வண்டிய மட்டும் கொண்டாந்து விடுங்க, நம்ம லைன்ல ஓடட்டும்."

விட்டேன். என் எஞ்சின் அந்தப் பெரிய கூட்டத்தில் கலந்து ஓடியது. பாலங்கள், சிக்னல்கள், ஒரு கண்ணாடி ஏரி. நான் கூடவே நடந்தேன். அறையைச் சுற்றி வந்து, புறப்பட்ட இடத்திலேயே என் காலடிகளும் நின்றன. வட்டம் பெரிதாகியிருந்தது, அவ்வளவுதான். அதற்குள் என் வீட்டுக்காரர் ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டியை வாங்கி, ஜப்பான்காரன் ரயிலைத் தாறுமாறாக விரட்டிக்கொண்டிருந்தார். எல்லோரும் அவரை "சார், வளைவு சார், வளைவு!" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார்கள்.

திரும்பும்போது பஸ்ஸில் அவர் முகத்தில் அந்த விளையாட்டு இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

"இதுலயே சேர்ந்துடு. ஒரே பஸ்ஸு. நல்ல மனுசங்க. டீ வேற."

"மலைய வேணாம்னுட்டாங்களே."

"மலைதான் நம்மாண்ட ஒண்ணு இருக்குதுல்ல, ஜன்னலுக்கு அந்தாண்ட. அது எங்க போவப் போவுது?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பினேன். ஆத்தூர் தாண்டி மலைகள் பஸ்ஸோடு கூட ஓடிவந்துகொண்டிருந்தன.

இரண்டாவது சங்கத்துக்கு இடமே கிடையாது. வேலூரில் ஒருவர், சென்னையில் சிலர், திருவண்ணாமலையில், புதுச்சேரியில் என்று சிதறிக் கிடப்பவர்கள். ஆளுக்கு ஒரு பலகை. அவரவர் வீட்டில் அவரவர் பலகையில் ஓர் ஊரைக் கட்டுகிறார்கள். வருடத்துக்கு ஒருமுறை, ஆடி மாதத்தில் கூடுகிறார்கள். ஆடியில் கல்யாணம் இல்லை, மண்டபங்கள் எல்லாம் காற்று வாங்கிக்கொண்டிருக்கும், குறைந்த வாடகைக்குக் கிடைக்கும். ஏதாவது ஓர் ஊரில் மண்டபம் பிடித்து, பலகைகளை ஓரத்தோடு ஓரம் கோத்துவிட்டால், மணமேடையிலிருந்து பந்திக்கூடம் வரைக்கும் ஒரே பாதை. ஒருவர் ஊரிலிருந்து புறப்படும் ரயில் இன்னொருவர் ஊருக்குப் போகும். அங்கே அதற்காக ஒருவர் காத்திருப்பார்.

இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. மறுநாளே போன் செய்தேன். பேசியவர் வேலூர்க்காரர். சங்கத்தின் கால அட்டவணையும் கடிகாரமும் அவர் பொறுப்பு. சலவைச் சட்டை போட்ட குரல்.

"பலகை எந்த உயரத்துல நிக்குது? ஓரத்துல தண்டவாளம் எந்த எடத்துல வருது?"

"ஓரத்துக்கு வரலீங்க. வட்டமா இருக்குது."

"வட்டமா? வட்டம்னா சரிப்படாதுங்களே. வெட்டணும். ரெண்டு பக்கமும் ஓரத்துக்கு வரணும், எங்க அளவுப்படி. பாதையில ஜல்லி பரப்பியிருக்கணும். வெறும் பலகை மேல தண்டவாளம் கெடக்கறத நாங்க சேர்க்கறதில்ல."

"சரிங்க."

"உங்க ஸ்டேஷன்ல என்ன ஏத்துவாங்க, என்ன எறக்குவாங்க?"

எனக்குப் புரியவில்லை. "அது கற்பனை ஸ்டேஷனுங்க. வெள்ளிமலைக்கு ரயிலே கெடையாது."

"தெரியுதுங்க. கற்பனை ஸ்டேஷனுக்கும் சரக்கு வேணும் இல்லீங்களா? ஏத்த எறக்க ஒண்ணுமில்லாத ஊருக்கு அட்டவணையில வண்டி விடறதில்ல. அப்புறம், மொதல் கூட்டம் முடிஞ்சப்புறந்தான் சேர்க்கறதா வேண்டாமான்னு சொல்வோம். தப்பா நெனைக்காதீங்க."

தப்பாகத்தான் நினைத்தேன். பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர், "பொண்ணு பாக்க வர்ற மாப்ள வூட்டுக்காரன் மாரி பேசறாரு. பஜ்ஜி சொஜ்ஜி ரெடி பண்ணு" என்றார்.

சேலத்தில் கேள்வியே கிடையாது. இங்கே கேள்விதான் எல்லாம். சேலத்துக்குப் போனால் என் மேசை அப்படியே இருக்கும், சுற்றிக்கொண்டே இருக்கும். இந்த வேலூர்க்காரரை நம்பினால், மலைக்குப் பின்னால் ஓடும் பாதியை அறுத்து எடுத்துவிட்டு, முன்னால் ஓடும் பாதியை நிமிர்த்தி இரண்டு ஓரங்களுக்கும் இழுக்க வேண்டும். அறுத்தபின் என் வீட்டில் ரயில் ஓடாது. ஒரு முழம் போகும், விளிம்பில் நிற்கும். அவர்கள் வேண்டாமென்று சொல்லிவிட்டால் ஓடாத ரயிலும் முதுகில்லாத மலையும்தான் மிச்சம்.

பல நாள் ஊசலாடினேன். பாடம் நடத்தும்போதும் அரிசி களையும்போதும் அந்தக் கேள்விதான். வெள்ளிமலையில் என்ன ஏற்றுவார்கள், என்ன இறக்குவார்கள்? வருடக்கணக்காக அந்த மலையைக் கட்டியிருக்கிறேன். அது என்ன கொடுக்கிறது, எது இல்லாமல் தவிக்கிறது என்று ஒருநாளும் யோசித்ததில்லை. ஜன்னலிலிருந்து பார்க்கிறவளுக்கு மலை ஒரு நிறம்தான்.

ஆகவே ஆனி முடிகிற ஒரு சனிக்கிழமை பஸ் ஏறினேன். கச்சிராயபாளையம் தாண்டியதும் பஸ் முனக ஆரம்பித்தது. ஒவ்வொரு திருப்பத்திலும் சமவெளி ஒரு படி கீழே போய்க்கொண்டிருந்தது. மரவள்ளிக் கொல்லைகள், கரும்பு, ஏரிகள், எல்லாம் யாரோ ஒரு பலகையில் ஒட்டிவைத்தது போலச் சின்னதாயின. மேலே ஏற ஏற, நான்தான் யாருடைய மேசையிலோ போய்க்கொண்டிருக்கிறேன் என்று தோன்றியது. ஒரு பெரிய விரல் இறங்கி வந்து பஸ்ஸை மெல்ல வளைவில் திருப்பிவிட்டால் நான் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டேன்.

வெள்ளிமலையில் இறங்கி, பஸ் நிற்கிற இடத்திலேயே ஒரு கடைவாசலில் மத்தியானம்வரை உட்கார்ந்திருந்தேன். கீழேயிருந்து வந்த ஜீப்களிலிருந்து உப்பு மூட்டை இறங்கியது, சிமெண்ட் இறங்கியது, கேஸ் சிலிண்டர் இறங்கியது, ஒரு மர பீரோ கண்ணாடியில் மேகத்தோடு இறங்கியது. மேலேயிருந்து புளியும் கடுக்காயும் ஏறின. பலாப்பழங்கள் பஸ்ஸின் பின் சீட்டில் ஆட்களைப்போல் உட்கார்ந்து போயின. பார்க்கப் பார்க்க என் சின்ன ஸ்டேஷனில் ஜனம் சேர்ந்துகொண்டே வந்தது.

பக்கத்தில் ஒரு பெண்மணி கோணிமேல் சாமையைக் குவித்துவைத்து விற்றுக்கொண்டிருந்தாள். உமி நீங்காத சாமை. சாம்பலும் பழுப்பும் கலந்த பளபளப்பு. கையில் அள்ளினேன். நிஜத் தண்டவாளத்தின் ஜல்லிக்கு எந்த நிறமோ அதே நிறம். அளவு கொஞ்சம் பெரிசுதான், ஆனாலும் மலைப்பாதை ஜல்லி அப்படித்தான் இருக்கும் என்று மனசு உடனே சொல்லிவிட்டது.

"வெதைக்காம்மா, திங்கவா?" என்றாள்.

"ரயிலுக்கு."

"இன்னாது?"

"ரயிலு போற பாதையில கல்லு மாரி பரப்பறதுக்கு."

அவள் படியைக் கீழே வைத்தாள். "எங்கூருக்கு ரயிலு வருதா? யாரு சொன்னா?"

"வரலம்மா. என்னாண்ட இருக்குது, சின்னதா. வூட்டு மாடியில."

"மாடியிலயா!" பக்கத்திலிருந்த கடைக்காரர் பக்கம் திரும்பிச் சிரித்தாள். "கேட்டியா, இந்தம்மா வூட்டு மாடியில வெள்ளிமலைக்கு ரயிலு வுடுதாம். அப்பிடியே எங்க வூட்டாண்ட ஒரு ஸ்டாப்பிங் போடச் சொல்லு."

"போட்டுடலாம்" என்றேன்.

"குத்தின அரிசி வேணும்னா உள்ள இருக்குது. இது வெதச் சாமை. ஆடியில போட்டாக்க புடிச்சிக்கும்."

"இதான் வேணும். இந்த நெறந்தான் சரியா இருக்குது."

அவள் சொன்னது காதில் விழுந்தது, உள்ளே இறங்கவில்லை. நான் நிறத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மலையை எப்போதும் நிறமாகப் பார்த்தே பழகியவள்.

வீட்டுக்கு வந்ததும் வேலூர்க்காரருக்குப் போன் செய்து, ஏற்றுவது புளி, கடுக்காய், சாமை, இறக்குவது உப்பு என்று சொன்னேன். பிறகு அறுத்தோம். என் வீட்டுக்காரர் பலகையைப் பிடித்துக்கொண்டார், நான் இரும்பறுக்கும் பிளேடைத் தண்டவாளத்தில் வைத்தேன்.

"யோசிச்சிக்கோ. வெட்டிட்டா மறுபடி சுத்தாது."

"சுத்த வேணாம்."

"சேலத்துல டீ குடுத்தாங்க."

"தெரியும். கெட்டியா புடிங்க."

கிறீச்சென்று அந்தச் சத்தம் மாடியெல்லாம் பரவியது. அதன்பின் வந்த நாட்களில் மாடி மிகவும் அமைதியாக இருந்தது. ரயில் ஓரம்வரை வரும், என் விரல் அதைத் தடுக்கும். கனவில் விரல் இருக்காது. எஞ்சின் விளிம்பைத் தாண்டி, ஜன்னலைத் தாண்டி, காற்றில் மெல்ல ஏறி, நீல மலையை நோக்கிப் போய்க்கொண்டே இருக்கும். விழித்ததும் போய்ப் பார்ப்பேன். விளிம்பில் நின்றுகொண்டிருக்கும்.

அந்த ஆடிக்கு அவர்கள் பிடித்த மண்டபம் திருக்கோவிலூரில். ரயில் நிற்கிற ஊர், பெரும்பாலோர் ரயிலிலேயே வந்து இறங்கலாம் என்பது அவர்கள் கணக்கு. கூட்டத்துக்கு முந்தைய நாட்களில்தான் ஜல்லி பரப்ப நேரம் கிடைத்தது. நார்த்தூளை நனைத்துக் கெட்டித்து, அதன்மேல் தண்டவாளத்தின் இடுக்கெல்லாம் சாமையைத் தூவி, நீர்த்த பசையைச் சொட்டுச் சொட்டாக விட்டேன். காய்வதற்குள் புறப்பட வேண்டியதாயிற்று. குட்டி யானை வண்டியில் மலையை ஏற்றினோம்.

"நீ முன்னாடி குந்து. மலைய நான் புடிச்சிக்கினு வரேன்" என்று என் வீட்டுக்காரர் பின்னால் ஏறிக்கொண்டார்.

தியாகதுருகம் தாண்டும்போது மழை பிடித்துக்கொண்டது. கோட்டை மலை ஒரு நொடியில் காணாமல் போனது. பின்னால் திரும்பிப் பார்த்தால், தார்ப்பாய்க்குள்ளிருந்து அவர் தலை மட்டும் தெரிந்தது. இரண்டு கையாலும் கல்வராயன் மலையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, நனைந்துகொண்டு, எதற்கோ சிரித்துக்கொண்டு வந்தார்.

மண்டபத்தில் மணமேடை வெறுமையாக இருந்தது. தெர்மோகோல் அன்னங்கள் இரண்டு யாரையும் சுமக்காமல் நின்றன. பலகைகள் ஒவ்வொன்றாக வந்து கோத்துக்கொண்டன. என் பலகைக்கு ஒரு பக்கம் புதுச்சேரியிலிருந்து வந்த பல் டாக்டர் அம்மாவின் உப்பளம். வெள்ளை வெளேரென்று பாத்தி பாத்தியாக, நடுவில் ஒரே ஒரு பனைமரம். மறுபக்கம் ஒரு புளியமரச் சாலையும் சந்தையும். வேலூர்க்காரர் நேரில் வந்தார். குரலைப் போலவே மடிப்புக் கலையாத சட்டை. ஓரங்களைக் கையால் தடவிப் பார்த்து, "சேர்ந்துடுச்சு" என்றார். ஜல்லியைக் குனிந்து பார்த்தார். "கல்லு கொஞ்சம் பெரிசா இருக்கே. ஈரமும் இருக்கு." மறுநாள் சனிக்கிழமை முழுக்க மற்ற ஊர்களுக்குள் சோதனை ஓட்டம். என் பாதை காயட்டும், அட்டவணைப்படி எல்லா ஊருக்கும் வண்டி ஓடுவது ஞாயிற்றுக்கிழமைதானே என்றார். அன்றுதான் என் ஊரைச் சேர்ப்பதா இல்லையா என்பதும்.

சனிக்கிழமை சாயங்காலம் சேலத்திலிருந்து போன் வந்தது. "என்ன மேடம், முடிவு பண்ணிட்டீங்களா? ஒங்களுக்கு ஒரு நாற்காலி போட்டு வெச்சிருக்கேனுங்க."

"நாளைக்குச் சொல்றேங்க" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

ஞாயிறு காலை. தூசுக்காக மூடியிருந்த வேட்டியை மலைமேலிருந்து எடுத்தேன்.

பாதை பச்சையாக இருந்தது.

மயிரிழை மயிரிழையாக, வெளிறிய பச்சையில், தண்டவாளத்தின் இரு பக்கமும், நடுவிலும், குகைவாய்வரைக்கும் சாமை முளைத்திருந்தது. சில முளைகளின் தலையில் உமி இன்னும் தொப்பிபோல் இருந்தது. ஒரு நொடி, ஒரே நொடி, என் வாழ்க்கையில் அவ்வளவு அழகான எதையும் நான் பார்த்ததில்லை என்று நினைத்தேன். அடுத்த நொடி, இன்றுதான் இதன்மேல் ரயில் ஓட வேண்டிய நாள் என்பது உறைத்தது.

என் வீட்டுக்காரர் வந்து எட்டிப் பார்த்தார். ஒரு முளையை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"ஏண்டி, வெதச் சாமையப் போட்டு, தண்ணி காட்டி, மழையில நனைச்சி, போர்த்தி வேற வெச்சிருக்க. ஆடி மாசம். பின்ன மொளைக்காம இன்னா பண்ணும்? என்னாண்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல!"

"நீங்கதான மலையப் புடிச்சிக்கினு வந்தீங்க? பாக்கலியா?"

"நான் மலையப் பாத்தேன். ஜல்லியவா பாத்தேன்?"

பல் டாக்டர் அம்மா தன் உப்பளத்தை விட்டு ஓடிவந்தார். கையில் அவர் எப்போதும் வைத்திருக்கும் இடுக்கி. "பயப்படாதீங்க மேடம். புடுங்கிடலாம். பல்ல விட ஈசி. அவர் வர்றதுக்குள்ள முடிச்சுடுவேன்."

அவர் வந்துவிட்டிருந்தார். எங்கள் பின்னால்தான் நின்றிருந்தார். எல்லோரும் விலகினோம். வேலூர்க்காரர் கால்சட்டை மடிப்பை லேசாகத் தூக்கிவிட்டு முட்டிபோட்டார். கண்ணைத் தண்டவாளத்தின் மட்டத்துக்குக் கொண்டுபோனார். அங்கிருந்து பார்த்தால் அது ஒரு வயலாகத் தெரிந்திருக்கும், நடுவில் ஒரு பாதையோடு. நெடுநேரம் பார்த்தார். மாடி அறையில் நான் விரலை வைத்துத் தடுத்த விளிம்பு இதுதான் என்று எனக்குத் தோன்றியது. பாத்திரக்கடைக்காரரின் நாற்காலி ஞாபகம் வந்தது.

"என்ன இது?"

"சாமைங்க."

"நீங்க ஏத்தறதா சொன்னீங்களே, புளி, கடுக்காய், சாமைன்னு. அந்தச் சாமையா?"

"அதேதாங்க."

டாக்டர் இடுக்கியோடு குனிந்தார். "ரெண்டு நிமிஷம் சார், சுத்தம் பண்ணிடறேன்."

"தொடாதீங்க டாக்டர்." எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டார். "லைன் சரியில்லைன்னா எந்த ரயில்வேயும் லைனைப் புடுங்கறதில்ல. வண்டிய மெதுவா விடும்."

சட்டைப் பையிலிருந்து ஒரு தகரப் பெட்டியை எடுத்தார். உள்ளே பல்குத்தும் குச்சிகள், ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு நகக்கண் அளவு மஞ்சள் அட்டை. ரயிலில் போகும்போது பாதையோரம் பார்த்திருக்கிறேன், எங்கே வண்டி வேகத்தைக் குறைக்க வேண்டுமோ அங்கே நடுவார்கள். ஒன்றை உப்பளம் முடிகிற இடத்தில் நட்டார். இன்னொன்றைப் புளியமரச் சாலை தொடங்குகிற இடத்தில். நிமிர்ந்து, மண்டபம் முழுக்கக் கேட்கிறாற்போல் அறிவித்தார், சிரிப்பில்லாமல், ஒரு ஸ்டேஷன் மாஸ்டரின் குரலில்:

"வெள்ளிமலைப் பகுதியில நடை வேகம். பாதையில பயிர் இருக்கு. எல்லா வண்டியும் அதுக்குத் தக்கபடி தாமதம்."

யாரும் சிரிக்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆச்சரியம். பந்திக்கூடத்துப் பக்கம் ஒருவர் தன் எக்ஸ்பிரஸ்ஸை ஸ்டேஷனிலேயே நிறுத்திவைத்தார். மணமேடையருகில் ஒரு சரக்கு வண்டி ஓரத்துப் பாதையில் ஒதுங்கியது. சுவரில் தொங்கிய சங்கத்துக் கடிகாரத்தின் முட்களை, நிஜ நேரத்தைவிட வேகமாக ஓடுகிற அந்த முட்களை, எல்லோரும் அண்ணாந்து பார்த்துக் கணக்குப் போட்டார்கள். ஒரு மண்டபம் முழுக்க ஊர்கள், அத்தனை ஊர்களும் என் மலையில் முளைத்த சாமைக்காகக் காத்திருந்தன. சேலத்தில் இது நடந்திருந்தால் எல்லோருமாகச் சிரித்து, டீ சொல்லி, ஆளுக்கொரு முளையாகப் பிடுங்கிப் போட்டிருப்போம். அதுவும் அன்புதான். ஆனால் இல்லாத ரயில்பாதைக்கு இங்கே விதி இருந்தது, விதிக்குள் இடமும் இருந்தது.

உப்பளத்திலிருந்து உப்பு ஏற்றிய வண்டி என் மலைக்கு வந்தது. நடை வேகம். சக்கரங்கள் முளைகளை ஒதுக்கிக்கொண்டு வந்தன. வண்டி போனதும் முளைகள் மெல்ல நிமிர்ந்தன. வெள்ளிமலை ஸ்டேஷனில் நின்றது. நான் விரல்நுனியால் உப்பை இறக்கினேன், வந்த எஞ்சினைக் கழற்றி என் எஞ்சினை மாட்டினேன், கடுகளவு மூட்டைகளில் சாமையையும் புளியையும் ஏற்றினேன். விசில் அடித்தது வேலூர்க்காரர்.

"அடுத்த வருசம் எந்த ஊரு மண்டபம்னு ஆனியில சொல்றேங்க" என்றார் என் பக்கம் திரும்பாமல், கடிகாரத்தைப் பார்த்தபடியே. "சாமைய மூட்டையில ஏத்துங்க. பாதையில கொட்டாதீங்க."

சேர்த்துவிட்டார் என்று புரிய எனக்குச் சற்று நேரம் பிடித்தது. அதற்குள் என் எஞ்சின் குகைக்குள் நுழைந்துவிட்டது. முன்பெல்லாம் குகைக்குள் நுழைந்தால் மலையின் முதுகைச் சுற்றி வரும். இன்று மறுபக்கம் வெளியே வந்து, ஓரத்தைத் தொட்டு, விளிம்பைத் தாண்டி, இன்னொருவருடைய புளியமர நிழலுக்குள் போனது. நான் கூடவே நடக்கவில்லை. என் ஸ்டேஷன் பக்கத்திலேயே நின்றேன். என் வீட்டுக்காரர்தான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஊர் ஊராக, வண்டியோடு கூடவே நடந்து போனார். தூண்களுக்குப் பின்னால் மறைந்தார்.

என் பாதை காலியாக இருந்தது. அவ்வளவு வருடங்களில் முதல்முறையாக அதன்மேலிருந்து ரயில் வேறோர் ஊருக்குப் போயிருந்தது. இரண்டு கம்பிகள், நடுவே பச்சை. மண்டபத்து மின்விசிறியின் காற்றில் முளைகள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து ஆடிக்கொண்டிருந்தன.

அந்தக் கோடியிலிருந்து அவர் குரல் கேட்டது. மணமேடைக்கு அந்தப் பக்கம், அன்னங்களுக்குப் பின்னாலிருந்து.

"இந்தா! உன் வண்டி இங்க வந்து நிக்குது!"

"எந்த ஊரு?" என்று கத்தினேன்.

"தெரியல! போர்டு சின்னதா இருக்குது, கண்ணாடி இல்ல!"

"யாரையாச்சும் கேளுங்க!"

அங்கே யாரிடமோ அவர் பேசுவது கேட்டது. பிறகு, "கேட்டுக்கினுதான் இருக்கேன். இரு, மொதல்ல மூட்டைய எறக்கறாங்க."